முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? சாவியைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுங்கைப்பட்டாணியில் ஒரு மாடித் தரைவீடு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பின்னர் தொழிற்சாலையில் 30 ஆண்டுகள் உழைத்த கணவனும் மனைவியும் வாங்கிய வீடு. வங்கிக் கடன் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பாக்கி இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருவரும் கிள்ளானில் உள்ள மகள் வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

கோவிலில் பழக்கமான ஒருவர் கேட்கிறார்: "என் தங்கச்சி குடும்பம் வீடு தேடுது அண்ணே. மாசம் ஆயிரம் வெள்ளி தவறாம கொடுத்துடுவாங்க." நம்ம ஆளுங்கதானே என்று சாவி கைமாறுகிறது. காகிதம் எதுவும் இல்லை. ஏழு மாதம் பணம் வருகிறது, எட்டாவது மாதம் நிற்கிறது. "தீபாவளி கழிச்சு கொடுத்துடுறோம்" என்கிறார்கள். பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. போய்ப் பார்த்தால் கூரை ஒழுகுகிறது, மின்கட்டணம் பல மாதப் பாக்கி. "ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொன்னோம், யார் வந்து பார்த்தீங்க?" என்று அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

இது ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்பட்ட குடும்பம்தான். ஆனால் இப்படி ஒரு கதை இல்லாத ஊர் இருக்காது. இங்கே இரு தரப்பாரும் கெட்டவர்கள் அல்லர். யாருடைய பொறுப்பு எது என்று யாரும் பேசி எழுதி வைக்கவில்லை என்பதே சிக்கலின் வேர்.

நம் சமூகத்தில் பலருக்கு வீட்டு உரிமையாளர் என்ற நிலை புதிது. முந்தைய தலைமுறையினர் தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையோடு வீடும் போனது. அந்த நிலையை எதிர்கொள்ளத்தான் 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூரை ஒழுகியபோது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பிறருக்கு வீடு கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். அந்த உயர்வோடு சில பொறுப்புகளும் சேர்ந்தே வருகின்றன.

தனிச் சட்டம் இல்லை, அதனால் ஒப்பந்தமே சட்டம்

மலேசியாவில் குடியிருப்பு வீடுகளின் வாடகைக்கென்று தனிச் சட்டம் நடப்பில் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. இப்போதைக்கு 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், தேசிய நிலச் சட்டத் தொகுப்பு எனப் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும் விதிகளே வாடகை விவகாரங்களுக்குப் பொருந்துகின்றன.

முன்பணம் எவ்வளவு, அதை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், பழுதை யார் சரிசெய்வது என்பவற்றை எந்தச் சட்டமும் வரையறுத்துச் சொல்லவில்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் இவற்றை முடிவு செய்யும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் என்ற நிலைதான் மிஞ்சும்.

முதல் கேள்வி: இந்த வீட்டை வாடகைக்கு விடலாமா?

ஆள் தேடும் முன் உரிமையாளர் தம் வீட்டின் பத்திரங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிபிஆர் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் அரசாங்கத்திடமிருந்து வாடகைக்குப் பெற்ற வீட்டை மற்றவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டது தெரிந்தால் வீட்டையே இழக்க நேரிடும். அரசாங்க உதவியோடு வாங்கிய மலிவு விலை வீடுகள் சிலவற்றில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாங்கியவரே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

அடுக்குமாடி வீடு என்றால் ஜேஎம்பி அல்லது எம்சி எனப்படும் கூட்டு நிர்வாகத்தின் விதிகளையும் கேட்டுப் பெற வேண்டும். வாடகைதாரரின் விவரத்தைப் பதிவு செய்வது, கார் நிறுத்துமிடம், குப்பை, செல்லப்பிராணி என்று பல விதிகள் இருக்கும். நாள் வாடகைக்கு விடும் எண்ணம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குடியிருப்பின் நிர்வாகம் அதற்குத் தடை விதிக்கலாம் என்று 2020ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டுக் காப்புறுதியையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. சொந்தக் குடியிருப்பு என்று சொல்லி எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட பிறகும், பூட்டிக் கிடக்கும் காலத்திலும் செல்லுமா என்பதை நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வீடு குடியிருக்கத் தகுந்ததா?

புதுச் சாயம் பூசுவது அழகுக்கு. பாதுகாப்பைப் பார்ப்பதே கடமை. எல்லாவற்றுக்கும் முன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். பழைய தரைவீடுகளில் வயரிங் 20, 30 ஆண்டுகளுக்கு முன் செய்ததாக இருக்கும். குளியலறையில் பின்னர் பொருத்திய வெந்நீர் ஹீட்டர் முறையாக இணைக்கப்படாவிட்டால் உயிருக்கே ஆபத்து. தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லியம்பியர் அளவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துச் சோதிக்கச் சொல்லி, ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். செலவு சில நூறு வெள்ளியாக இருக்கலாம். ஆனால் வாடகைதாரரின் குழந்தை குளிக்கும் அறை அது.

அடுத்து கூரை, தண்ணீர்த் தொட்டி, குழாய்கள், கழிவறை, கதவுப் பூட்டுகள். கிரில் கதவின் சாவி வீட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் பூட்டிய கிரிலே எமனாகிவிடும்.

வீடு காலியாக இருக்கும் இடைக்காலத்தையும் மறக்கக் கூடாது. பூந்தொட்டியிலும் கூரை வாய்க்காலிலும் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகினால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். ஆள் இல்லாத வீட்டுக்கு உரிமையாளரே பதில் சொல்ல வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது?

இந்தியர்களுக்கு வீடு இல்லை என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் புண்படாத நம்மவர் குறைவு. நல்ல சம்பளம், நிரந்தர வேலை எல்லாம் இருந்தும், பெயரைச் சொன்னதும் மறுமுனையில் தொலைபேசி துண்டிக்கப்பட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். இதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அந்த வலியை அறிந்தவர் உரிமையாளர் ஆகும்போது, அதே அளவுகோலைப் பிறர் மீது வைக்காமல் இருப்பது அவர் கையில்தான் இருக்கிறது.

இனத்தைப் பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைப் பார்ப்பது பயன் தரும். முதலாவது வருமானம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு அல்லது சேமநிதி அறிக்கையைக் கேட்பது தவறல்ல. இரண்டாவது, முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை விசாரிப்பது. மூன்றாவது, எத்தனை பேர் குடியிருக்கப் போகிறார்கள் என்பது. பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி, வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும் என்று அதன்மேல் எழுதி வைக்க வேண்டும். அந்த நகலை வாட்ஸ்அப் குழுக்களில் பகிரக் கூடாது.

தெரிந்தவர், உறவினர் என்றால் இதெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும். "எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி செய்யிறோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் கூச்சம் அன்றோடு முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் பின்னால் வரும் சண்டை எல்லாக் கல்யாண வீட்டிலும் தொடரும்.

முகவர் மூலம் ஆள் தேடுவோர் அவர் பதிவு பெற்றவரா என்று சரிபார்க்க வேண்டும். சொத்து முகவர் நிறுவனத்தின்கீழ் வேலை செய்பவர்களிடம் ஆர்இஎன் எண் கொண்ட அட்டை இருக்கும். அந்த எண்ணைச் சம்பந்தப்பட்ட வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

வெளிநாட்டவருக்கு விடும்போது

கடப்பிதழையும் வேலை அனுமதியையும் அசலாகப் பார்த்து, காலாவதி நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தம் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள இடத்தில் சட்டவிரோதக் குடியேறியைத் தங்க அனுமதிப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவின்படி குற்றம். பிடிபடும் ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். வேலை அனுமதி முடிந்த பிறகும் ஒருவர் அங்கேயே இருக்கிறாரா என்பதை அவ்வப்போது பார்க்க வேண்டியதும் அதனால்தான்.

ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களைத் தங்க வைக்க வீடு கேட்டால் இன்னொரு சட்டமும் சேர்கிறது. தொழிலாளர் தங்குமிடங்களின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் 446ஆம் சட்டம் 1990இல் இயற்றப்பட்டபோது முக்கியமாகத் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்காகவே வந்தது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது. முதலாளி அந்தத் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் பெற வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. லயத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த நினைவு உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. நகராண்மைக் கழகம் அந்தத் தாமானில் தொழிலாளர் விடுதியை அனுமதிக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தால் நல்லது. எளிமையாகத் தாங்களே எழுதினாலும் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்க வேண்டும்:

1. இரு தரப்பாரின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டின் முழு முகவரி.

2. வாடகைத் தொகை, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் செலுத்துவது.

3. தொடங்கும் நாள், முடியும் நாள், நீட்டிப்பதாக இருந்தால் எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும்.

4. முன்பணம் எவ்வளவு, எதற்கெல்லாம் கழிக்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தரப்படும்.

5. சிறு பழுது யார் பொறுப்பு, பெரும் பழுது யார் பொறுப்பு.

6. உள்வாடகைக்கு விடலாமா, எத்தனை பேர் தங்கலாம்.

7. இடையில் வெளியேற விரும்பினால் என்ன செய்வது.

மொழியும் முக்கியம். வாடகைதாரருக்குப் புரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்து வாங்குவது பின்னால் வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்கும். ஒவ்வொரு பிரிவையும் படித்து விளக்கிய பிறகு கையெழுத்திடுவது இருவருக்கும் பாதுகாப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டை விடுவதாக இருந்தால், அதைக் குத்தகையாக நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் பெரும்பாலோர் ஓராண்டு அல்லது ஈராண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள்.

முத்திரை வரி: சின்னச் செலவு, பெரிய பாதுகாப்பு

கையெழுத்தான 30 நாட்களுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி செலுத்த வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தாமதமானால் அபராதமும் உண்டு.

2025 ஜனவரி 1 முதல் கணக்கு மாறியிருக்கிறது. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு வரி கிடையாது. அந்தச் சலுகை இப்போது இல்லை. ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி என்று வரி கணக்கிடப்படுகிறது.

மாத வாடகை 1,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. அதை 250ஆல் வகுத்தால் 48. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 48 வெள்ளி, ஈராண்டு ஒப்பந்தத்துக்கு 144 வெள்ளி. கூடுதல் நகல் ஒவ்வொன்றுக்கும் 10 வெள்ளி. இதை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளம் வழியாகவே செலுத்தலாம். 2026 ஜனவரி முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்திருப்பதால் தொகையைச் சரியாகக் கணக்கிட்டு அறிவிக்கும் பொறுப்பு செலுத்துபவருடையது. வழக்கமாக இந்தச் செலவை வாடகைதாரரே ஏற்கிறார். யார் ஏற்றாலும் முத்திரை விழுந்ததா என்பதை உரிமையாளர் உறுதிப்படுத்த வேண்டும்.

முன்பணம் யாருடைய பணம்?

இங்குள்ள வழக்கப்படி இரண்டு மாத வாடகை பாதுகாப்பு முன்பணம், அரை மாத வாடகை மின்சார, தண்ணீர் முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. 1,000 வெள்ளி வீட்டுக்கு வாடகைதாரர் முதல் நாளே 3,500 வெள்ளி எடுத்து வைக்க வேண்டும். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை.

இதில் 2,500 வெள்ளி உரிமையாளரின் வருமானம் அல்ல. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வாடகைதாரரின் பணம். அதை எடுத்துக் கார் தவணை கட்டிவிட்டு, அவர் வெளியேறும் நாளில் கையில் இல்லை என்று சொல்வதுதான் முதன்முறை உரிமையாளர்கள் செய்யும் பெரிய தவறு. தனி வங்கிக் கணக்கில் போட்டு வைப்பது எளிய தீர்வு.

சாவி கொடுக்கும் நாளில் வாடகைதாரரையும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் படம் எடுக்க வேண்டும். சுவர், தரை, கண்ணாடி, மின்விசிறி, மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். பொருட்களின் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும் நாளில் அதே பட்டியலோடு மறுபடி சுற்றிப் பார்த்தால் வாக்குவாதத்துக்கு வேலை இருக்காது.

பழக்கத்தில் வரும் தேய்மானத்தையும் சேதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டில் சாயம் மங்குவதும் சுவாமி படம் மாட்டிய இடத்தில் தடம் தெரிவதும் தேய்மானம். உடைந்த கதவும் காணாமற்போன மின்விசிறியும் சேதம். தேய்மானத்துக்கு முன்பணத்தில் கை வைப்பது நியாயமாகாது. கழித்தால் அதற்கான ரசீதைக் காட்ட வேண்டும்.

எந்தக் கட்டணம் யாருக்கு?

மின்சாரம், தண்ணீர், இணையம் ஆகியவை பொதுவாக வாடகைதாரர் பொறுப்பு. டிஎன்பி கணக்கை வாடகைதாரர் பெயருக்கு மாற்றிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கணக்கு உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் பாக்கியும் அவர் பெயரிலேயே ஏறும். மீட்டரில் கைவைத்தது கண்டுபிடிக்கப்பட்டாலும் கடிதம் அவருக்கே வரும். மாற்ற முடியாவிட்டால் மாதந்தோறும் கட்டணச் சீட்டைச் செயலியில் பார்த்துவர வேண்டும்.

சுக்காய் பிந்து எனப்படும் மதிப்பீட்டு வரி உரிமையாளர் பொறுப்பு. பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்டு இறுதிக்குள் ஒன்று என ஆண்டுக்கு இருமுறை செலுத்த வேண்டும். நில வரி ஆண்டுக்கு ஒருமுறை. பெரும்பாலான மாநிலங்களில் மே 31 கடைசி நாள். அடுக்குமாடி வீட்டின் பராமரிப்புக் கட்டணத்துக்கும் சேமிப்பு நிதிக்கும் சட்டப்படி உரிமையாளரே பொறுப்பாளி. வாடகைதாரர் கட்டுவதாகப் பேசியிருந்தாலும் பாக்கிக்கு நிர்வாகம் உரிமையாளரைத்தான் தேடி வரும்.

பலர் மறந்துவிடுவது இண்டா வாட்டர் கட்டணம். சிறிய தொகைதான் என்று விட்டால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, வீட்டை விற்கும்போது தலைகாட்டும். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

குடிவந்த பிறகு

வாடகைக்கு விட்ட காலத்தில் அது வாடகைதாரரின் இல்லம். என் வீடுதானே என்று மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போவது முறையல்ல. பார்வையிட வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

பழுது பற்றிய புகார் வந்தால் அன்றே பதில் சொல்ல வேண்டும். மின்விளக்கு, குழாயின் வாஷர் போன்றவை வாடகைதாரர் பார்த்துக்கொள்ளும் சிறு பழுதுகள். கூரை, சுவருக்குள் ஓடும் குழாய், வயரிங், கழிவுநீர்க் குழாய் ஆகியவை உரிமையாளர் பார்க்க வேண்டியவை. குறிப்பிட்ட தொகைக்குக் கீழ் என்றால் வாடகைதாரர், மேல் என்றால் உரிமையாளர் என்று ஓர் அளவு வைத்துக்கொள்வதும் உண்டு. கூரை ஒழுகலை ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் உட்கூரைப் பலகையும் வயரிங்கும் சேர்ந்து கெட்டு, செலவு பல மடங்காகும்.

வாடகையை ரொக்கமாக வாங்கினால் ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுக்க வேண்டும். வங்கி வழியாக வந்தால் அதுவே பதிவாகிவிடும். பேசிய விஷயத்தைப் பிறகு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பி வைப்பது நல்ல பழக்கம்.

வாடகை நின்றுவிட்டால்

இங்கேதான் பலர் சட்டத்தை மீறுகிறார்கள். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிப்பது, சாமான்களை வெளியே எடுத்து வைப்பது ஆகியவை கோபத்தில் எளிதாகத் தோன்றும். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வெளியேறாமல் இருந்தால், நீதிமன்ற நடவடிக்கையின் மூலமே வீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. ஆறு மாதப் பாக்கி வைத்தவர்கூட, பூட்டை உடைத்த உரிமையாளர் மீது வழக்குப் போட முடியும்.

முறையான வழி இது. முதல் மாதம் தவறியதுமே நேரில் பேச வேண்டும். வேலை போய்விட்டதா, மருத்துவமனைச் செலவா என்று கேட்டால் பாக்கியைத் தவணையாகக் கட்ட ஒரு வழி பிறக்கலாம். அந்த ஏற்பாட்டை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் தவறினால் ஒப்பந்தப்படி எழுத்து மூலம் முன்னறிவிப்பு. அதன் பிறகு வழக்கறிஞர்.

1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரஸ் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதம் வரையிலான வாடகைப் பாக்கிக்காக வீட்டில் உள்ள பொருட்களைப் பறிமுதல் செய்ய இடமுண்டு. அதைச் செய்வது நீதிமன்ற அதிகாரி, உரிமையாளர் அல்ல. வீட்டைத் திரும்பப் பெறுவதற்குத் தனி வழக்கு வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாதவரிடம் அந்தக் காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இடமளிக்கிறது. வாடகைதாரர் வெளியேறிய பின் மிஞ்சிய பாக்கி 5,000 வெள்ளிக்குள் இருந்தால், வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகத் தொடரலாம். எந்த வழியில் போனாலும் நீதிமன்றம் முதலில் கேட்பது முத்திரையிட்ட ஒப்பந்தத்தைத்தான்.

வாடகையும் வருமானமே

வாடகை வருமானத்தை ஆண்டுதோறும் வருமான வரி வாரியத்திடம் அறிவிக்க வேண்டும். வியாபாரம் இல்லாத தனிநபர் பிஇ பாரத்தில் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கெடு ஏப்ரல் 30.

மொத்த வாடகைக்கும் வரி இல்லை. வீட்டுக் கடனின் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது. புதிதாக ஓர் அறை கட்டுவது, முதல் வாடகைதாரரைப் பிடிக்க ஆன முகவர் கட்டணம், முதல் ஒப்பந்தச் செலவு ஆகியவற்றையும் கழிக்க முடியாது.

எடுத்துக்காட்டாக ஆண்டு வாடகை 12,000 வெள்ளி, கடன் வட்டி 5,000 வெள்ளி, இரு வரிகளும் காப்புறுதியும் சேர்த்து 700 வெள்ளி, பழுதுபார்ப்பு 800 வெள்ளி என்றால், மற்ற வருமானத்தோடு சேர்க்க வேண்டியது 5,500 வெள்ளி மட்டுமே. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ரசீது இல்லாத செலவை வாரியத்திடம் நிரூபிப்பது கடினம்.

2025 ஜூலையில் வாடகைக்குச் சேவை வரி விரிவுபடுத்தப்பட்டபோது பலர் குழம்பினர். குடியிருப்பு வீட்டின் வாடகைக்கு அந்த வரி இல்லை.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. மாதம் ஆயிரம் வெள்ளி என்றால் ஆயிரமும் கையில் நிற்பதில்லை. இரண்டு வாடகைதாரர்களுக்கு இடையே ஒன்றிரண்டு மாதம் வீடு காலியாகவும் இருக்கும். மூன்று மாதக் கடன் தவணைக்குச் சமமான தொகையைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்குபவர், கூரை ஒழுகும்போது வாடகைதாரரின் அழைப்புக்குப் பயந்து தொலைபேசியை அணைத்து வைக்க மாட்டார்.

மறுபடியும் சுங்கைப்பட்டாணி வீடு

அதே குடும்பம், அதே கோவில் பழக்கம். இம்முறை சாவி கொடுக்கும் முன் வயர்மேன் வந்து போயிருக்கிறார். ஈராண்டு ஒப்பந்தத்துக்கு 144 வெள்ளி முத்திரை வரி கட்டியாகிவிட்டது. அறை அறையாகப் படம் இருக்கிறது. முன்பணம் 2,500 வெள்ளி தனிக் கணக்கில் இருக்கிறது. எட்டாவது மாதம் வாடகைதாரருக்கு வேலை போகலாம், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் பாக்கி எவ்வளவு, எதுவரை பொறுப்பது, அடுத்து என்ன செய்வது என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். கூரை ஒழுகினால் யாரை அழைப்பது என்று வாடகைதாரருக்கும் தெரியும்.

வெளியேறும் நாளில் பட்டியலைப் பார்த்து, உடைந்த ஒரு கண்ணாடிக்கு மட்டும் ரசீதோடு பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த வெள்ளிக்கிழமை இரு குடும்பங்களும் அதே கோவிலில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.